கணக்கில் ஏறாத அவுட்

மெக்சிகோவில் இரவு ஆட்டம் என்றால் மந்தைவெளியில் எனக்குக் காலை வேலை. அந்த ஊர் பேஸ்பால் லீக்கை வீடியோவில் பார்த்து, பந்துக்குப் பந்து பதிவு செய்ய வேண்டும். அமெரிக்க அணிகள் கறுப்பின வீரர்களைச் சேர்க்காத காலத்திலேயே அவர்களை ஆடவைத்த லீக் அது. இந்த வரலாறெல்லாம் பெருமையாகப் பேசுவேன். ஆட்டத்தை மட்டும் கிரிக்கெட் கண்ணால்தான் பார்ப்பேன்.

அன்று கடைசி இன்னிங்ஸ், ஸ்கோர் சமம். உட்கார முடியாமல் நின்றுகொண்டே கீபோர்டில் தட்டிக்கொண்டிருந்தேன். மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தொட்டுவிட்டு ஒருவன் அவுட் ஆனான். அந்த நேரத்தில், ஏற்கெனவே களத்தில் நின்ற அவன் கூட்டாளி, ரன்னுக்கு ஒரு கட்டம் நெருங்கி, அடுத்த பேஸுக்கு ஓடிவிட்டான்.

"பயந்தாங்கொள்ளி!" என்று கத்தி, அவன் பெயரில் சாதாரண அவுட் போட்டேன்.

உடனே சூப்பர்வைசர் போன். ஸ்பீக்கரில் போட்டேன்.

"இன்னா மச்சி, கூட ஆடுறவனுக்காகத்தான வேணும்னே அவுட் ஆனான்? அது அவன் சராசரில ஏறாது. தனியா போடணும்."

ஆபீஸுக்குக் கிளம்பிய என் மனைவி ஷீலா நின்று கேட்டாள்.

"பரவால்லையே, அந்த ஊர்ல அதைத் தனியா எழுதுறாங்களா?"

சிரிக்காமல் ரயிலுக்குப் போய்விட்டாள்.

போன மாதம் பெங்களூர் புரமோஷனை அவள் வேண்டாமென்றாள். டயாலிசிஸில் இருக்கும் என் அப்பாவைக் கவனிக்க ஆள் வேண்டுமே என்றுதான். நானோ சொந்தக்காரர்களிடம், "புது ஊருன்னா அவளுக்குப் பயம்" என்று சொல்லி வைத்திருந்தேன்.

ஆட்டப் பதிவைத் திருத்தினேன். ஆனாலும் இருப்புக் கொள்ளவில்லை. அவள் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"மச்சான், ஷீலா பெங்களூர் போகாதது பயந்துகினு இல்ல. எங்கப்பாவுக்காகப் போகல. நான்தான் தப்பா சொல்லிட்டேன்."