ஒரு மூளையைப் பார்க்கத் தெரியாதவள்

இன்று ஆராய்ச்சி வேலைக்குக் கொம்பியூட்டர் வாங்கக் கொழும்பு வெள்ளவத்தைக்குப் போனேன்.

கடைக்கார நானா பெரிய கிராஃபிக்ஸ் கார்டைக் காட்டினார். "கேம் விளையாடத்தானே தங்கச்சி?"

"இல்ல நானா. நூற்றுக்கணக்கான மூளை ஸ்கேன் ஒண்டா ஓட வேணும். மெமரிதான் கூட வேணும்."

கார்டை வைத்துவிட்டு போனை நீட்டினார். "இது எங்கட உம்மாட மூளை ஸ்கேன். கிளினிக் அடுத்த மாசம்தான். ஒருக்காப் பாத்துச் சொல்றீங்களா?"

படத்தில் ஒரு பக்கம் வெள்ளையாக இருந்தது. அதற்குமேல் எனக்கு விளங்கவில்லை.

"நான் டொக்டர் இல்ல நானா. எல்லாற்ற படத்தையும் சேர்த்துச் சராசரிதான் பாக்கிறனான்."

"அப்ப ஒராள்ட மூளையப் பாக்கத் தெரியாதா?"

தெரியாது என்றேன். அவருடைய நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். வந்ததிலிருந்து மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை.

மெமரி முப்பத்திரண்டு ஜிபி போதுமா, அறுபத்துநாலு வேணுமா என்று இந்தக் குழுவில் பிறகு சண்டை பிடிப்போம். இந்தக் கிழமையே ஒரு ஸ்கேனைப் பார்த்துச் சொல்லக்கூடிய டொக்டர் யாராவது இங்கே இருக்கிறீர்களா?