மண்டபம் முகாமில் மாறிப்போன ஜெபம்

என் வீட்டுக்காரர் முகத்தில் இத்தனை தழும்பு எப்படி வந்தது என்று சபையில் பலர் கேட்டிருக்கிறீர்கள். அம்மை என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடுவேன். மீதியைச் சொல்ல வெட்கம். இன்று சொல்லிவிடுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம், சித்திரை மாதம். நாங்கள் இருவரும் பள்ளிக்கூட வாத்தியார்கள். கோடை விடுமுறை விட்டிருந்தார்கள். என் தங்கை அன்னத்தைக் கட்டியவர் இலங்கையில், நுவரெலியாவில் தேயிலைத் தோட்டத்துக் கிளார்க். அவளை நான் பார்த்து ஏழு வருஷமாகியிருந்தது. "இங்கே சித்திரையிலும் குளிரும், வா அக்கா" என்று எழுதிக்கொண்டே இருந்தாள்.

நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் திருநெல்வேலி. பிறகு ரயிலில் மதுரை வழியாக மண்டபம். அங்கே முகாமில் டாக்டர் பார்த்துச் சீட்டுக் கொடுத்தால்தான் தனுஷ்கோடியில் கப்பல் ஏறலாம். கையில் அம்மை குத்திய, அதாவது தடுப்பூசி போட்ட தழும்பு வேண்டும். உடம்பில் காய்ச்சல் இருக்கக் கூடாது.

மதுரை தாண்டியதும் அவருக்குக் காய்ச்சல் கண்டது. இடுப்பு ஒடிகிறது என்றார். தொட்டேன், சுட்டது. எனக்கு என் பள்ளிக்கூடத்தில் புதிதாக அம்மை குத்தியிருந்தார்கள். அவருக்கோ சிறுவயதில் குத்தியதுதான்; அம்மையோ என்று பயந்தேன்.

எதிர் இருக்கையில் தங்கம்மை என்று ஒருத்தி, எங்கள் ஊர்ப் பக்கத்து இரணியல்காரி. கண்டியில் கடை வைத்திருந்த கணவரிடம் கைக்குழந்தையோடு போய்க்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"பயப்படாத மக்கா. எறங்குமுன்ன ஈரத்துணி வச்சு நெத்தியத் தொடச்சு வுடு. டாக்டர் தொட்டுப் பாத்துட்டு வுட்டுருவாரு."

அப்படியே செய்தேன். "ஆண்டவரே, டாக்டர் கண்ணை மறைத்துவிடும்" என்று ஜெபித்தேன். ஆம், அப்படித்தான் ஜெபித்தேன்.

மண்டபத்தில் வரிசை மெல்ல நகர்ந்தது. எங்களுக்கு முன்னால் நாலு பேர். தங்கம்மையின் பிள்ளை தாகத்தில் அழுதது. அவள் என் வீட்டுக்காரர் குடித்து வைத்த தம்ளரை எடுத்து அதன் வாயருகே கொண்டுபோனாள். நான் பாய்ந்து பிடுங்கினேன். தண்ணீர் என் சேலையெல்லாம் கொட்டியது. வரிசையில் இன்னும் எத்தனை பிள்ளைகள்! அவர் என்னைப் பார்த்து, "சொல்லிரு" என்றார்.

டாக்டரிடம் போய், "ஐயா, இவருக்கு மதுரையிலிருந்தே காய்ச்சல்" என்றேன்.

"ஏட்டி, என்ன காரியம் செஞ்ச! எங்களையும் இல்லியா பிடிச்சு வப்பாவ?" என்று தங்கம்மை கத்தினாள். உண்மைதான். எங்கள் ரயில் பெட்டியில் வந்த எல்லோரையும் நிறுத்தினார்கள். அவரைத் தனிக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு நாள் கழித்து முகத்தில் முத்து போட்டது. பெரியம்மை.

வேலிக்கு இப்புறம் நின்றுதான் அவரைப் பார்க்க முடிந்தது. கண் திறக்கவில்லை. "நம்பிக்கை வைக்காதீங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கம்மை என் பக்கம் திரும்பவே இல்லை. மணலில் முழங்காலிட்டேன். "ஆண்டவரே, இவரைத் தாரும். தராவிட்டாலும், எங்களால் ஒரு பிள்ளையும் சாகக் கூடாது." ஒவ்வொரு நாளும் அந்தக் குழந்தையின் நெற்றியைத் தூரத்திலிருந்து பார்ப்பேன். சிணுங்கினால் என் உயிர் போய் வரும்.

பதினோராம் நாள் அவர் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டார். பார்வைக்குப் பழுதில்லை. பெட்டியில் வந்த ஒருவருக்கும் அம்மை காணவில்லை.

தனக்குச் சீட்டுக் கிடைத்துக் கண்டிக்குப் புறப்படும்போது தங்கம்மை பிள்ளையோடு என்னிடம் வந்தாள்.

"அண்ணைக்கு உன்ன ஏசிட்டேன் மக்கா. நீ வாய மூடிட்டு இருந்திருந்தா என் பிள்ளைக்க கெதி என்னாவும்?" என்றாள். குழந்தையை என் கையில் தந்தாள். நான் அழுதுவிட்டேன்.

நுவரெலியாவை நான் இன்னும் பார்க்கவில்லை. அவர் உடம்பு தேறியதும் மண்டபத்திலிருந்தே ஊர் திரும்பினோம். அதன்பின் விடுமுறை தோறும் அம்மை குத்திக்கொள்ளச் சொல்லி, எங்கள் பக்கத்து இனயம், திற்பரப்பு என்று ஊர் ஊராக நடக்கிறோம். அம்மை குத்தப் பயந்து கதவடைப்பவர்களிடம் அவர் தம் முகத்தைக் காட்டிப் பேசுகிறார், கதவு திறக்கிறது.

அன்பானவர்களே, எதையாவது மறைத்துத் தரும்படி ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறீர்களா? உண்மையைச் சொல்லிவிட்டு அவர் கையில் விழுங்கள். விழுந்த எங்களை அவர் தாங்கினார். உங்களையும் தாங்குவார்.