லோர்னா களத்தில் இறங்கிய சனிக்கிழமை

லோர்னா ஸ்டக்கியைப் போல ஒரு வாயில்லாப் பூச்சியை எங்கள் ஒஹாயோ பக்கம் முழுக்கத் தேடினாலும் பார்க்க முடியாது. முட்டை பேக்கிங் ஆலையில் பன்னிரண்டு வருஷம் வேலை. ஒரு நாள்கூட யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை. அவளுக்கு இருந்தது ஒரே ஆசை. மகள் டிரெஸா, பேட்டன் என்கிற உலோகக் கோலைச் சுழற்றி ஆடும் ஆட்டத்தில் மாநிலப் போட்டிக்குப் போக வேண்டும். சின்ன வயதில் லோர்னாவும் கோலோடு திரிந்தவள்தான், மாநிலப் போட்டியின் படியை மட்டும் அவள் மிதித்ததில்லை.

அந்த வியாழக்கிழமை, சர்ச்சுக்கு அடியிலிருக்கும் கூடத்தில் பயிற்சி. மேலே வீசிய கோல் இறங்கும்போது அதன் கனத்த முனை டிரெஸாவின் வலது காதுக்கு மேலே டொக்கென்று விழுந்தது. பிள்ளை பத்து நிமிஷம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். கோல் சுழற்றும் பிள்ளைகளைப் பெற்ற எங்கள் கூட்டத்தில் இதெல்லாம் ஒரு சேதியே இல்லை. ஒவ்வொரு அம்மாவின் ஐஸ் பெட்டியிலும் உறைந்த பட்டாணிப் பொட்டலம் தயாராக இருக்கும். வீங்கினால் ஒத்தடம், போட்டியன்று அதன் மேல் ஜிகினாப் பசை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை லோர்னா எனக்குப் போன் செய்தாள்.

"இவ ராத்திரியிலேர்ந்து தலைவலின்னு சொல்றாடி. டாக்டர்கிட்ட காட்டிடலாமா?"

"போடி பைத்தியக்காரி! அப்படிப் பார்த்தா என் மக ஆஸ்பத்திரியிலேயே குடியிருக்கணும். நாளைக்குப் போட்டிய வச்சுக்கிட்டு பிள்ளைய பயமுறுத்தாத."

சொன்னது நான்தான். இந்த நாக்கை என்ன செய்தால் தகும்?

சனிக்கிழமை காலை பள்ளி ஜிம்மில் டிரெஸா டோனட்டைத் தொடவேயில்லை. "லைட்டு கண்ணக் குத்துதும்மா" என்றாள். தான் ஆட வேண்டியது எத்தனையாவது தடத்தில் என்று கேட்டாள். மூன்றாவது என்றோம். இரண்டு நிமிஷம் கழித்து மறுபடியும் அதையே கேட்டாள். "பதட்டம்டி, வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லி, நானே என் விரலால் அந்த வீக்கத்தின் மேல் ஜிகினாவைத் தடவினேன். பிள்ளை முகத்தைச் சுளித்தாள். லோர்னா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தாள்.

நான்கு தடங்களிலும் நான்கு பிள்ளைகள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு நடுவர். எல்லாருக்கும் ஒரே அணிவகுப்பு இசைதான், ஆட்டம்தான் வேறு வேறு. இசை தொடங்கியது. டிரெஸாவின் கோல் முழங்கையில் உருண்டது, கழுத்தைச் சுற்றியது, மேலே பறந்தது. இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்தாள். ஒரு தடவைகூடக் கோல் கீழே விழவில்லை. நடுவரம்மா சிரித்தபடியே எழுதினாள்.

"பாத்தியாடி? நான் சொல்லல?" என்று லோர்னாவின் தொடையில் தட்டினேன்.

அவள் முகம் வெளுத்திருந்தது. "இது போன வருஷத்து ஆட்டம்டி."

"என்ன?"

"இந்த வருஷத்து ஆட்டம் முழங்கால் போட்டுத்தான் ஆரம்பிக்கும். ஆறு மாசமா அதத்தான ஆடுறா. இது போன வருஷம் ஆடினது."

 அந்த ஜிம்மில் இது வேறு யாருக்கும் தெரியாது. நடுவருக்குப் பிழையில்லாத ஆட்டம், கூட்டத்துக்குக் கைதட்டல். இன்னும் ஒரு நிமிஷம் போனால் மாநிலப் போட்டி நிச்சயம். பெற்றவர்கள் களத்தில் கால் வைத்தால் பிள்ளை அந்த நிமிஷமே போட்டியிலிருந்து நீக்கம்.

"முடிக்கட்டும்டி, ஒரே நிமிஷம்" என்றேன். அப்போதும் நான் அப்படித்தான் சொன்னேன், பாவி.

மூன்று சுற்றுச் சுற்றிப் பிடிப்பதற்காக டிரெஸா கோலை மேலே வீசினாள். கோல் இடப்பக்கம் போனது, அவள் வலப்பக்கம் அண்ணாந்து காத்திருந்தாள். கோல் தரையில் மோதித் துள்ளியது. அவள் இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

லோர்னா எழுந்து ஓடினாள். முதல் தடம், இரண்டாவது தடம், தலைக்கு மேலே பறந்த கோல்கள் எதையும் அவள் பார்க்கவில்லை. விசில் ஊதினார்கள். "வெளிய போங்கம்மா!" என்று ஒருவர் கத்தினார்.

"வாய மூடுய்யா! ஆம்புலன்ஸ கூப்பிடு!" லோர்னாவின் குரல்தான். ஜிம் அடங்கிப்போனது.

நானும் பின்னாலேயே ஓடினேன். அம்மாவைக் கண்டதும் டிரெஸாவின் முகம் மலர்ந்தது.

"அம்மா! நீயா? இன்னைக்கு வேலை, வரமுடியாதுன்னு சொன்னியே?"

போன வருஷம் இதே போட்டியன்று ஆலையில் லோர்னாவுக்கு லீவு கொடுக்கவில்லை. டிரெஸாவைக் கூட்டி வந்தவள் நான்.

"லீவு குடுத்துட்டாங்கடி செல்லம்." லோர்னா அவளை மடியில் சாய்த்துக்கொண்டாள்.

"முழுசா பாத்தியா?"

"பாத்தேன் கண்ணு. முழுசா பாத்தேன்."

டிரெஸா திருப்தியாகக் கண்ணை மூடினாள். லோர்னா அவள் கன்னத்தைத் தட்டித் தட்டி எழுப்பினாள். ஒரு நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்தவள், அம்மாவைப் பார்த்து அதே சந்தோஷத்தோடு கேட்டாள்.

"அம்மா! நீயா? இன்னைக்கு வேலைன்னு சொன்னியே?"