பூனைக்கு எழுதிய ஆஸ்துமா மாத்திரை

எண்பதுகளில் தல்லாகுளத்தில் குடியிருந்தேன். என் பூனை கழுத்தைச் சொறிந்து சொறிந்து புண்ணாக்கிக்கொண்டது. அது ஒவ்வாமை என்று சொன்ன கால்நடை டாக்டர், ஒரு மாத்திரையை எழுதி, தினமும் கால் மாத்திரை கொடுக்கச் சொன்னார்.

"அண்ணே, இது மனுசங்க ஆஸ்துமாவுக்குத் திங்கிறதுல்ல?" என்றார் மருந்துக்கடைக்காரர். நான் குழம்பிப்போய், வாங்கிய மாத்திரையைப் பூனைக்குக் கொடுக்கவே இல்லை.

பத்து நாளில் புண் காதுவரை பரவியது. மறுபடி டாக்டரிடம் ஓடினேன்.

"மாத்திரை குடுத்தீகளா?"

"குடுத்தேன் சார்." வாய் தானாகச் சொன்னது.

"மருந்து கேக்கலையா? அப்ப அளவைக் கூட்டி ஊசியாப் போட்டுருவோம்."

அவர் ஊசியை எடுத்ததும் உண்மையைச் சொல்லிவிட்டேன். "சார், ஒண்ணுகூடக் குடுக்கலை. மனுச மருந்துன்னு பயந்துட்டேன்."

அவர் ஊசியைக் கீழே வைத்தார். "பூனைக்குன்னு தனியா எங்க வருது? இதைத்தான் அளவு குறைச்சுக் குடுக்கிறோம். என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கால் மாத்திரையிலேயே புண் ஆறியது. மருந்தைச் சந்தேகப்பட்டதுகூடப் புரிகிறது. அவரிடம் ஏன் பொய் சொன்னேன் என்பதுதான் இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.