மறிக்க மாட்டேன் என்று வைத்த நேர்த்தி

அம்மன் அடியார்களே, ஓர் ஆடிச் செவ்வாயன்று என் பிள்ளை காட்டுக்குள் ஓடப் போய்த் திரும்பி வரவில்லை. அன்று நான் பட்ட பாட்டையும் அம்மாள் எனக்குச் செய்த உதவியையும் உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2004ஆம் ஆண்டு கோடை. நோர்வேயில், ஹொல்ம்லியாவில் எங்கள் அடுக்குமாடிக்குப் பின்னால் காடு. மகள் துளசிக்குப் பதினான்கு வயது. லீவு முடிந்ததும் பள்ளிக்கூடத்தில் காட்டோட்ட அணி தொடங்குகிறது, அதற்குள் ஓடிப் பழக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். எனக்கு நெஞ்சு பதறியது. பொம்பிளைப் பிள்ளை, தனிய, காட்டுக்குள்! வேண்டாம் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தேன்.

"ஸ்லாப் ஆவ், அம்மா. இஞ்சை எல்லாரும் ஓடுறவை," என்றாள். பதறாதே என்று அதற்கு அர்த்தமாம். எப்படிப் பதறாமல் இருப்பது?

என் கணவர் அவளுக்குத்தான் பரிந்து பேசுவார். அந்தக் காட்டுக்குள் அவர் போனது ஒரேயொரு முறை, பள்ளிக்கூடத்துப் பனிச்சறுக்கு நாளுக்கு. ஆனால் பெரிய வழிகாட்டி போலச் சொன்னார்: "மரத்திலை சிவப்பு அடையாளம் இருக்கும் பிள்ளை. அதை விடாமல் பிடிச்சுக்கொண்டு போ. ஒரு பயமும் இல்லை."

அன்று மத்தியானம் போனவள் பின்னேரமாகியும் வரவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அவளுடைய கைத்தொலைபேசி மேசையிலேயே கிடந்தது. கணவர் குடையும் இல்லாமல் காட்டுக்குள் ஓடினார். பொலிசுக்கு எடுத்துச் சொன்னேன். வீட்டில் இருக்கச் சொன்னார்கள். இருந்தேன். என்ன இருப்பு அது! கண்ணுக்குள் என்னென்னவோ வந்து போனது.

ஆடிச் செவ்வாய்க்கு ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் முன்னால் விழுந்தேன். முதலில் கற்பூரச்சட்டி எடுக்கிறேன் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். அது எனக்குக் கஷ்டமே இல்லை, வருசா வருசம் எடுக்கிறேன். என்னால் கொடுக்க முடியாதது எது என்று யோசித்தேன். வாய்விட்டு அழுதேன்.

"அம்மாளாச்சி, என்ர பிள்ளையைக் கொண்டுவந்து தா. இனி அவள் எங்கை ஓடினாலும் நான் மறிக்க மாட்டன்."

சொன்ன பிறகு எனக்கே பயமாக இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வாசல் மணி அடித்தது. இடுப்பு வரை சேற்றோடு துளசி. பக்கத்தில் வாளியோடு ஒரு நோர்வேஜியப் பெண். பிள்ளையைக் கட்டிப்பிடித்துக் கத்தி அழுதேன். அடிக்கவும் மனம் வந்தது, கொஞ்சவும் மனம் வந்தது.

நடந்ததை அந்தப் பெண்தான் சொன்னார். சிவப்பு அடையாளம் பனிச்சறுக்குப் பாதைக்காம். குளிர்காலத்தில் சதுப்பும் குளமும் உறைந்துவிடும், அதற்கு மேலால் சறுக்கிப் போவார்கள். கோடையில் நடப்பவர்களுக்கு நீல அடையாளம். என் பிள்ளை அப்பா சொன்னபடி சிவப்பைப் பிடித்துப் போய் நேரே சதுப்புக்குள் இறங்கிவிட்டாள். காலை இழுக்க இழுக்கப் புதைந்ததாம். கத்தினாளாம், யாருமில்லை.

அந்தப் பெண் சதுப்பில் விளையும் மஞ்சள் பழம் பிடுங்க வந்தவர். பிள்ளையின் சத்தம் கேட்டு ஓடிப் போய் வெளியே இழுத்து எடுத்திருக்கிறார். வழக்கமாக அடுத்த கிழமைதான் வருவேன், அன்றைக்கு ஏனோ மனம் கேட்கவில்லை என்றார். தற்செயல் என்பது அவருடைய கணக்கு. அவரை அங்கே அனுப்பியது யார் என்று எனக்குத் தெரியும். போகும்போது, பழம் இருக்கிற இடத்தை ஒருவருக்கும் சொல்லவேண்டாம் என்று துளசியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார்.

கணவர் நனைந்த கோழியாக வந்து சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த பேச்சை இங்கே எழுத முடியாது.

மறுநாள் காலை துளசி சப்பாத்துக் கட்டினாள். "அம்மா, நீலத்திலை போறன். போகட்டே?"

வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. அம்மாளின் படத்தைப் பார்த்தேன்.

"ஓம், போட்டு வா," என்றேன். கைகால் நடுங்கியது. அந்தக் கோடை முழுவதும் அவள் திரும்பி வரும்வரை நான் யன்னலடியில்தான் நின்றேன். நேர்த்தி வைத்தது சுலபம், தீர்த்தது அப்படி இல்லை.

இலையுதிர் காலத்தில் அவளுடைய முதல் போட்டி. துப்பாக்கிச் சத்தத்தோடு பிள்ளைகள் எல்லாம் மரங்களுக்குள் மறைந்தார்கள். ஒருத்தர் பின் ஒருத்தராக வந்தார்கள், என் பிள்ளையைக் காணவில்லை. கடைசிப் பக்கமாக, மூச்சிரைக்க, சிரித்துக்கொண்டு வந்தாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"ஏனப்பா அழுறீர்? தோத்துப் போனாள் எண்டோ?" என்றார் கணவர்.

"தோத்தால் என்ன? வந்திட்டாளே!"

சகோதரிகளே, இன்றைக்கும் அவள் ஓடப் போனால் எனக்குப் பயம்தான். அம்மாள் அதை எடுத்துவிடவில்லை. ஆனால் அந்தப் பயத்தோடு சேர்த்துப் பிள்ளையைத் தன்னிடம் கொடுக்கப் பழக்கியிருக்கிறாள். நீங்களும் தேங்காய், கற்பூரத்தோடு நிற்காமல், விட முடியாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறதை ஒருமுறை அவளிடம் கொடுத்துப் பாருங்கள். அவள் வாங்கிக்கொள்வாள். நீங்கள் நடுங்குவீர்கள். பரவாயில்லை, கொடுங்கள்.