சிவப்பு விளக்கின் வழக்கு

நடுவுநிலைமை நீதிமன்றத்தில் மட்டும் குடியிருக்கும் அறமன்று. பழைய டிராக்டரின் அடியில் மல்லாந்து கிடக்கவும் அது கூசாது. இதோ கிடக்கிறார் நம் மெக்கானிக், கால்கள் மட்டும் வெளியே தெரிய. ஊரார் இட்ட பட்டப்பெயர் ஜட்ஜு. எஞ்சினை ‘வாங்க, போங்க’ என்பார். தங்கையின் கணவரை ‘வா, போ’ என்பார்.

இன்று வந்திருப்பது அந்தத் தங்கை வீட்டு டிராக்டர். நாளை மழை என்கிறார்கள். இன்றே உழுது முடிக்காவிட்டால் விதைப்பு தவறும். ஆனால் ஆயில் பிரஷர் விளக்கு சிவப்பாக எரிந்து அணைய மறுக்கிறது. அளவுகோலை இழுத்துப் பார்த்தார், ஆயில் குறையவில்லை. ஆயில் அழுத்தம் குறைந்தால் விளக்கை ஏற்றும் சுவிட்சிலிருந்து ஒயரை உருவினார். விளக்கு அணைந்தது.

“அவ்வளவுதான் மச்சான். அப்படியே விட்டுடுங்க, நான் கெளம்புறேன்,” என்றார் தங்கை கணவர்.

“சாட்சி வாயப் பொத்திட்டா வழக்கு முடிஞ்சிடுமா, மாப்ள? இறங்கு.”

சுவிட்சைக் கழற்றி, அவ்விடத்தில் அழுத்தம் காட்டும் மீட்டரைப் பொருத்தினார். “இப்ப நீங்க சொல்லுங்க,” என்று எஞ்சினை ஓடவிட்டுப் பணிவுடன் கேட்டார். முள் சற்றே நடுங்கி, எழமாட்டாமல் கிடந்தது. உடனே எஞ்சினை நிறுத்தினார். விளக்கு பொய் சொல்லவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் ஓட்டியிருந்தால் எஞ்சின் இறுகிப்போயிருக்கும்.

ஆயிலை வடித்து, அடித்தொட்டியை இறக்கினார். ஆயிலை உறிஞ்சும் சல்லடையில் ஒரு துணிக்கிழிசல் அப்பிக்கொண்டிருந்தது. நீலத்தில் வெள்ளைப் பூ. பட்டறையில் கை துடைப்பதற்காக அவர் மனைவி கிழித்துக் கொடுத்த பழைய திரைச்சீலை. சென்ற மாதம் அந்தத் தொட்டியைத் துடைத்து மாட்டியவர் அவரேதான்.

கணவரோடு வந்திருந்த தங்கைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “வெளிய சொல்லாதீங்கண்ணே. பட்டம் பறிபோயிடும்.”

அவர் சல்லடையைக் கழுவினார். தொட்டியைத் துணி தொடாமல் காற்றடித்து உலர்த்தினார். எல்லாவற்றையும் மாட்டிப் புது ஆயில் ஊற்றினார். இம்முறை முள் நிமிர்ந்து நின்றது. சுவிட்சையும் ஒயரையும் திரும்ப மாட்டி எஞ்சினைக் கிளப்பியதும் விளக்கு தானே அணைந்தது. பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. டிராக்டர் வயலை நோக்கி விரைந்தது.

வாசலில் தம் வண்டியோடு காத்திருந்த ஒருவர் கேட்டார்: “என்ன ஜட்ஜய்யா, அதுல யாரு குத்தவாளி?”

ஜட்ஜு சட்டைப்பையிலிருந்து நீலத்துணியை எடுத்து, உள்ளங்கையில் விரித்து, அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“நான்தான்.”

அந்தக் கை சோறு கொணரும் இல்லம், இறையருளால் குறைவின்றி நெடிது வாழ்க.