காப்பி குடிக்கப் போனவர்கள்

என் வயதை யாராவது கேட்டால், எந்த வயது என்று நான் திருப்பிக் கேட்பேன். வீட்டில் ஒன்று, சர்ட்டிபிகேட்டில் ஒன்று. அம்மா என் தங்கையை வயிற்றில் வைத்துக்கொண்டு மசக்கையில் படுத்திருந்தபோது, மூன்று வயதில் நான் பண்ணிய அட்டகாசம் தாங்காமல், மம்சாபுரத்தில் பலசரக்குக் கடை வைத்திருந்த அப்பா என்னைத் தூக்கிக்கொண்டுபோய் ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டார். தலைக்கு மேலாகக் கையைக் கொண்டுபோய் மறுபக்கத்துக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்பது அந்தக் காலத்துக் கணக்கு. என் கை எட்டவில்லை. அப்பா என் முழங்கையைப் பிடித்து லேசாக ஒரு தள்ளு தள்ளினார். ஐந்து வயது ஆகிவிட்டது.

எண்பத்தேழில் அந்தத் தள்ளு கல்யாணத்துக்கு உதவியது. பத்தாம் வகுப்பில் கணக்கில் பெயிலாகி, அப்பா கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். ராஜபாளையத்தில் நூல் மில்லில் வேலை பார்த்த மாமன் மகனுக்கு என்னைக் கட்டிவைத்தார்கள். சர்ட்டிபிகேட்டில் பதினெட்டு. உடம்புக்குப் பதினாறு. எனக்கும் சம்மதம்தான், யாரும் கேட்கவில்லை என்றாலும். கல்யாணம் என்றால் புதுச் சேலை, இனிமேல் கணக்குப் பாடம் கிடையாது என்பது வரைக்கும் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரிய வேண்டியதை அத்தை சொல்லிக்கொடுப்பாள் என்று அம்மா விட்டுவிட்டாள். அம்மா சொல்லி அனுப்பியிருப்பாள் என்று அத்தை விட்டுவிட்டாள். பள்ளிக்கூடத்தில் அந்தப் பாடம் வந்த அன்று டீச்சர், வீட்டில் படித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி நாலு பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டார். நானும் நல்ல பிள்ளையாகத் தாண்டிவிட்டேன்.

அதனால் மூன்றாம் மாதம் வாந்தி வந்தபோது, அத்தான் வாங்கி வந்த பால்கோவா கெட்டுப்போயிருக்கும் என்று அவரிடம் சண்டை போட்டேன். இருபத்திரண்டு வயசு ஆம்பிளை, அவருக்கும் சந்தேகம் வரவில்லை. கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தார். அத்தைதான் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வாயெல்லாம் பல்லாகி, தெருவுக்கே சீனி கொடுத்தாள்.

நர்சம்மா வீட்டுக்கு வந்து இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தார். இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு, பிள்ளைக்கு ரத்தமே இல்லை, ஒரு நாள்கூட விடாமல் போடச் சொல்லுங்கள் என்று அத்தையிடம் படித்துப் படித்துச் சொன்னார். அத்தை தலையை ஆட்டினாள். அந்த மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுப்பாகப் பிறக்கும், தலை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகிவிடும் என்பது அத்தையின் வைத்தியம். எனக்குக் குங்குமப்பூப் பால். மாத்திரை எல்லாம் கிணற்றடிக் கறிவேப்பிலைச் செடிக்கு. அந்தச் செடிக்கு ரத்தசோகை வர வாய்ப்பே இல்லாமல் போயிற்று.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து மம்சாபுரத்துக்கு வந்தேன். வந்த முதல் வேலையாகத் தங்கையோடு தெருவில் பாண்டிக் கட்டம் போட்டேன். தாலியை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் ரெண்டாம் கட்டம் வரைக்கும் போய்விட்டேன். அம்மா விளக்குமாறோடு வந்தாள். அடிக்கவும் முடியாமல், மாசமாக இருக்கும் பிள்ளையைத் திட்டவும் கூடாது என்பதால், தங்கையைப் பிடித்து ரெண்டு போட்டாள்.

எட்டாம் மாதக் கடைசியில் ஒரு நாள் காலையில் காலும் முகமும் வீங்கி, கண் மங்கி, திண்ணென்று தலைவலி வந்தது. டெம்போவில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ராஜபாளையத்திலிருந்து அத்தையும் அத்தானும் வந்து சேர்ந்தார்கள். கூடவே சித்தப்பா, பெரியப்பா, மாமன்மார் என்று சொந்தத்தில் ஒன்பது ஆம்பிளைகள்.

டாக்டரம்மா வயதைக் கேட்டார். பதினெட்டு முடிந்து பத்தொன்பது நடக்கிறது என்று அத்தை கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாள். டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்.

"அது பேப்பர்ல. ஒடம்புக்கு எத்தன வயசும்மா?"

"பதினாறு" என்றேன். அத்தை என் தொடையில் கிள்ளினாள். அந்த வலியிலும் இந்தக் கிள்ளு தனியாக வலித்தது.

பிரஷர் ஏறியிருக்கிறது, இடுப்பெலும்பே இன்னும் முழுதாக வளரவில்லை, ரத்தம் பாதிதான் இருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும், ரெண்டு பாட்டில் ரத்தம் ஏற்பாடு பண்ணுங்கள் என்றார் டாக்டரம்மா. பிழைப்பாளா என்று அம்மா கேட்டாள். அவர் கையெழுத்துப் போடும் தாளை நீட்டினார். பிரசவத்தில் செத்துப் போகலாம் என்பதை எனக்கு முதன்முதலாகத் தெரிவித்தது அந்தத் தாள்தான். எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் வீட்டுக்குப் போகணும் என்று அழுதேன்.

ரத்தம் என்ற சொல்லைக் கேட்டதும் ஒன்பது பேரும் எப்படிக் கலைந்தார்கள் என்பதைத் தங்கை பிற்பாடு நடித்தே காட்டுவாள். ஒருவருக்குச் சர்க்கரை. ஒருவருக்குப் போன வருஷம் வந்த காய்ச்சல் அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டது. மற்றவர்கள் செத்த நேரத்தில் காப்பி குடித்துவிட்டு வருகிறோம் என்று போனார்கள். சாயங்காலம் வரை குடித்தார்கள். அப்பா, ஆண்டாள் கோயிலில் வேண்டிக்கொண்டு வருகிறேன் என்று போய்விட்டார்.

மிச்சம் இருந்தது அத்தான்தான். ஊசியைப் பார்த்ததுமே மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பி ஒரு பாட்டில் எடுத்தார்கள். இன்னொரு பாட்டில் அவரோடு ஷிஃப்ட் பார்க்கும் சிநேகிதர் கொடுத்தார். இன்றைக்கும் வீட்டில் சண்டை முற்றினால் அத்தான், உன் உடம்பில் ஓடுவது என் ரத்தமாக்கும் என்பார். அதனால்தான் எனக்கும் ஒன்றுமில்லாததுக்கெல்லாம் மயக்கம் வருகிறது என்பேன்.

ஒன்றே முக்கால் கிலோவில் ஒரு பெண் குழந்தை. பஞ்சு சுற்றி வைத்திருந்தார்கள். எல்லோரும் நினைப்பதுபோல் எனக்குப் பார்த்ததும் பாசம் பொங்கவில்லை. என்னைத் தூக்கி யாராவது மடியில் வைத்துக்கொண்டால் போதும் என்றிருந்தது. மூன்று மாதம் வாசற்படி ஏறினாலே மூச்சு வாங்கியது. பாசம் பிறகு மெதுவாக வந்தது.

மூன்று வருஷத்துக்கு அடுத்த பிள்ளை கூடாது என்றார் டாக்டரம்மா. வருஷம் திரும்புவதற்குள் பேரன் வேண்டும் என்றாள் அத்தை. நானும் அத்தானும் கலந்து பேசி, நர்சம்மாவிடம் காப்பர் டி போட்டுக்கொண்டோம். அத்தைக்குச் சொல்லவில்லை. அவள் பேரனுக்காகக் கோயில் கோயிலாகத் தொட்டில் கட்டினாள். அந்தச் சாமிகளுக்கு நாங்கள் வைத்த தர்மசங்கடத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

தொண்ணூற்றிரண்டில் தங்கைக்குப் பதினாறு. பிளஸ் ஒன் படித்துக்கொண்டிருந்தாள். தளவாய்புரத்தில் சொந்தமாகத் தையல் மெஷின் போட்டு ஆள் வைத்துத் தொழில் பண்ணும் மாப்பிள்ளை, விட்டால் கிடைக்காது என்று சொந்தக்காரர்கள் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்கள். தங்கை எனக்கு அழுதுகொண்டே கடிதம் எழுதினாள். நான் மகளைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீட்டுக்குள் நுழைந்தால், அதே ஆம்பிளைகள் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து தேதி பார்க்கிறார்கள். எனக்கு உச்சந்தலைவரை கோபம் ஏறியது. ஆனால் கத்தவில்லை. எல்லோருக்கும் காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு, தங்கையின் நோட்டையும் பேனாவையும் எடுத்து நடுவில் வைத்தேன்.

"கல்யாணம் பண்ணுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. அடுத்த வருசம் அவளுக்கு ரத்தம் குடுக்க யாரு யாரு வாரீகன்னு இதுல இப்பமே பேரு எழுதிருங்க. பொறவு காப்பி குடிக்கப் போக வேண்டியதில்ல."

நோட்டு ஒரு சுற்று வந்தது. பேனாவைத் தொட்டவர் யாருமில்லை. சர்க்கரை மாமா, பொம்பளைப் பிள்ளைக்கு வாய் கூடிப்போச்சு என்றார். அத்தானிடம் சொல்லிக் கண்டிக்கச் சொல்கிறேன் என்றேன். அப்பா நோட்டை எடுத்து மூடி, தங்கையிடம் கொடுத்தார். பிள்ளை படித்து முடிக்கட்டும், தளவாய்புரத்தில் சொல்லிவிடுங்கள் என்றார். ஒருவர் பின் ஒருவராகச் செருப்பைத் தேடிக்கொண்டு எழுந்து போனார்கள்.

கூடம் காலியான பிறகு, கெலித்த மிதப்பில், அன்றைக்கு ஆண்டாளிடம் நீங்கள் வேண்டிய வேண்டுதலால்தான் எனக்கு இவ்வளவு வாய் என்று அப்பாவைச் சீண்டினேன். அவர் சிரிக்கவில்லை. என் மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"நான் கோயிலுக்குப் போகலத்தா. பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். நீ போயிட்டன்னு யாராச்சும் வந்து சொல்லுவாகன்னு வழிய பாத்துக்கிட்டே இருந்தேன்."

அப்பா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.